ருடால்ப் விர்ச்சோ

உயிர்நூல் பயிலும் நம் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் உண்மையொன்று உண்டு. ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவினின்றே பிறக்குமன்றி, உருவற்ற குழம்பினின்று தானாகத் தோன்றாது என்பதே அது. அவ்வுண்மையோடு ருடால்ப் விர்ச்சோ என்னும் பெயரையும் அவர்கள் மனப்பாடம் செய்வர். தேர்வு முடிந்ததும் இரண்டையும் ஒருங்கே மறப்பாரும் உளர். அப்பெயர்க்குரியவர் தம் காலத்து ஐரோப்பாவில் பிணிக்கூற்று நூலுக்குத் தலைவராய் விளங்கியவர். அவரே பெர்லின் நகரசபையில் 42 ஆண்டுகளுக்கு மேல் அங்கத்தினராய் அமர்ந்து, தம்மூர்ச் சாக்கடைகளையும் இறைச்சிக் கடைகளையும் பற்றி வாதாடியவர். இப்பிற்பகுதியைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. ஆதலின் அதனையே சற்று விரித்துக் கூற விரும்புகின்றோம்.

விர்ச்சோ 1821-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ஆம் நாள், பிரஷ்ய நாட்டுப் பொமரேனியாவில் ஷீவல்பைன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் சிறு நிலத்தை உழுது, ஊரின் வரவுசெலவுக் கணக்கையும் பார்த்து வந்தவர். பெற்றோர்க்கு இவர் ஒரே மைந்தர். வீட்டில் செல்வம் இன்மையால், படைக்கு வைத்தியர்களைப் பயிற்றுவதற்காக அரசினர் பெர்லினில் நடத்திய கல்விச்சாலையில் 1839-ஆம் ஆண்டு உதவிச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். அங்கே யோஹன்னஸ் முல்லர் என்னும் பேராசிரியரை அடுத்து, கண்டதைக் கண்டவாறே கூறும் பழக்கத்தைக் கற்றார். 1843-இல் பட்டம் பெற்றபின் ஷாரிட்டே என்னும் பெரிய வைத்தியசாலையிற் பிணப் பரிசோதனை செய்யும் பணியில் அமர்ந்தார்.

அப்பணியை விரும்பி ஏற்பவர் அந்நாளில் மிகச் சிலர். இவரோ பிணவறையையே தம் நூலகமாகக் கொண்டார். 1845-இல், செந்நிறம் மங்கி வெளிறிய குருதியோடு இறந்த ஒருவரைப் பற்றி எழுதினார். எடின்பரோ நகரத்துப் பென்னெட் என்பவர் சில வாரங்கட்கு முன்னரே இத்தகைய நோயொன்றை வெளியிட்டிருந்தார். ஆயினும் அவர் அவ்வெண்மையைச் சீழ் எனக் கொண்டார். விர்ச்சோ அது சீழன்று, குருதியிலுள்ள வெள்ளணுக்களே அளவிறந்து பெருகிய நிலை என்று துணிந்தார். பின்னர் அந்நோய்க்கு இவர் இட்ட லூகீமியா என்னும் பெயரே இன்றும் வழங்குகின்றது. காலிலோ இடுப்பிலோ உறைந்த குருதித் துணுக்கு குழாய் வழியே ஓடி நுரையீரலை அடைத்து உயிரைக் கொள்ளும் என்பதையும் இவரே நிறுவினார். நாய்களின் கழுத்து நாளத்தில் ரப்பர்த் துண்டுகளைச் செலுத்தி, அவை நுரையீரலில் வந்து தங்குவதைக் காட்டினார். அதுகாறும் பேராசிரியர் பலர் நாளத்தின் அழற்சியே எல்லாப் பிணிக்கும் வேர் என்று கூறிவந்தனர்.

வியன்னா நகரத்து ரோக்கிட்டான்ஸ்கி அக்காலத்தில் இத்துறையின் பேரரசர் போன்றவர். குருதியின் கலவைக் கேடே பிணிகட்கு முதற்காரணம் என அவர் வகுத்த கொள்கையை, இளைஞரான விர்ச்சோ 1846-இல் கடுமையாக மறுத்தெழுதினார். முதியவர் சினந்து வாளாவிருக்கவில்லை. தம் நூலின் பின்பதிப்பில் அக்கொள்கையை விட்டுவிட்டார். இந்நிகழ்ச்சியில் யாம் இளையவரைப் பாராட்டுவதினும் முதியவரையே மிகுதியாகப் பாராட்டுகின்றோம்.

மறு ஆண்டில் விர்ச்சோ, ரைன்ஹார்ட் என்னும் நண்பருடன் சேர்ந்து, பிணிக்கூற்று ஆராய்ச்சிக்கென ஒரு வெளியீட்டைத் தொடங்கினார். சோதித்தறியாத கொள்கைகளுக்கும், பெரியோர் கூறினர் என்பதையே சான்றாகக் காட்டும் கட்டுரைகளுக்கும் அதில் இடமில்லை என்று முன்னரே அறிவித்தார். ரைன்ஹார்ட் 1852-இல் இறந்தார்; விர்ச்சோ தம் இறுதி வரையில் அதன் ஆசிரியராயிருந்தார்.

1848-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். மேல் சைலீசியாவில் விளைவு பொய்த்துப் பஞ்சம் வந்தது. பஞ்சத்தின் பின்னே டைபஸ் என்னும் கொடுஞ்சுரம் வந்தது. செய்தித்தாள்கள் கூக்குரலிடவே, அரசினர் ஏதேனும் செய்ததாகக் காட்டவேண்டி விர்ச்சோவை அங்கே அனுப்பினர். அவர் ஏறக்குறைய மூன்று வாரம் ஊர் ஊராகத் திரிந்தார். போலிஷ் மொழி பேசும் அம்மக்கள் ஒரே அறையில் குடும்பம் முழுவதுமாக, சிலவிடத்து மாடுகன்றுகளோடும், அடைந்து கிடந்ததைக் கண்டார். உருளைக்கிழங்கன்றி வேறு உணவறியாத அவர்க்கு அதுவும் இல்லாது போயிற்று. அதிகாரிகள் பேசும் ஜெர்மன் மொழி அவர்க்கு விளங்கவில்லை. அவர் மொழி அதிகாரிகட்கு விளங்கவில்லை.

அரசினர் எதிர்பார்த்தது மருந்துப் பட்டியல் ஒன்றே. கிடைத்ததோ, ஆட்சிமுறையின் மீது சாட்டிய குற்றப் பத்திரிகை. பிணவறையிற் கண்ட குறிகளையெல்லாம் முறையாக வரைந்தபின், இந்நோயை நீக்குதற்குரிய வழி அம்மக்கட்குத் தம்மைத் தாமே ஆளும் உரிமையும், ஆண் பெண் இருபாலார்க்கும் கல்வியும், அவர் தாய்மொழிக்கு ஆட்சியில் இடமும், ஏழைகளை நசுக்காத வரிமுறையும், நல்ல சாலைகளும் அளிப்பதே என்று விர்ச்சோ எழுதினார். செல்வர் வீட்டை அணுகாது ஏழையர் குடிசையையே தேடிச் செல்லும் நோய்க்குக் காரணம் காற்றிலன்று, சமுதாயத்தின் அமைப்பில் இருக்கின்றது என்பது அவர் கருத்து. வைத்தியன் இயல்பாகவே ஏழைகளின் வழக்கறிஞன் ஆகவேண்டும் என்றும் அவர் கொண்டார்.

டைபஸ் சுரத்தைப் பேன்கள் பரப்புகின்றன என்பதை டூனிஸ் நகரில் நிகோல் என்பவர் 1909-இல் கண்டறிந்தார். அதற்கு 61 ஆண்டு முன்னே எழுதிய விர்ச்சோவுக்குப் பேனின் தொழிலும் தெரியாது, அதனுள் வாழும் நுண்ணுயிரும் தெரியாது. ஆயினும் நெருக்கமும் அழுக்கும் பசியும் நீங்கின் சுரமும் நீங்கும் என்று அவர் கூறியது பிழைபடவில்லை. காரணத்தை முழுதும் அறியாதபொழுதும் பரிகாரத்தை ஓரளவு அறியக்கூடும் என்பதற்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டு. ஆனால் இதே வெற்றி, காரணத்தை நேரே காட்டியவர்களிடத்துப் பிற்காலத்தில் அவர் பொறுமையிழத்தற்கும் இடந்தந்தது என்பது எம் எண்ணம்.

பெர்லினுக்கு மீண்டு எட்டு நாள் கழிவதற்குள் அங்கே புரட்சி மூண்டது. மார்ச்சு 18-ஆம் நாள் தெருவில் எழுப்பிய தடையரணில் விர்ச்சோவும் பழைய கைத்துப்பாக்கியொன்றை ஏந்தி நின்றார். அதனால் யாருக்கும் தீங்கு விளைந்ததாகத் தெரியவில்லை. கோடையில் மருத்துவச் சீர்திருத்தம் என்னும் பெயரால் வாரப் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். மக்கள் அவரைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தும், வயது போதாமையால் அமர முடியவில்லை. புரட்சி அடங்கியது, அரசினர் பழிவாங்கத் தொடங்கினர். 1849-இல் அவரை வேலையினின்று நீக்கி, பலர் முறையிட்டபின் சில வசதிகளைப் பறித்துக்கொண்டு திரும்பச் சேர்த்தனர். அவ்வாண்டின் இறுதியில் விர்ச்சோ பவேரியாவின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சென்றார். அரசியலில் தலையிடுவதில்லை என்னும் உறுதி அளித்த பின்னரே அப்பதவி கிடைத்தது.

வூர்ட்ஸ்பர்க்கிற் கழித்த ஏழாண்டுகளே அவருடைய ஆராய்ச்சி முதிர்ந்த காலம். 1850-இல் ரோசே மாயர் என்னும் மங்கையை மணந்தார். அறுவர் மக்கள் பிறந்தனர். 1855-இல் உயிரணு ஒவ்வொன்றும் உயிரணுவினின்றே தோன்றும் என்னும் கொள்கையை வெளியிட்டார். 1856-இல் அவருக்கெனப் புதிய ஆராய்ச்சிச்சாலை கட்டித் தருவதாக ஒப்பிப் பெர்லின் அவரைத் திரும்ப அழைத்தது. அங்கே 1858-இல் நிகழ்த்திய 20 சொற்பொழிவுகளே உயிரணுப் பிணிக்கூற்று என்னும் பெருநூலாயின. நோய் என்பது வெளியினின்று உடலுட் புகுந்த ஒரு பூதமன்று. உடலின் அணுக்கள் மாறிய நிலைமையில் நடத்தும் வாழ்வே அது என்பது அந்நூலின் சாரம். மயிலிறகும் வேப்பிலையும் கொண்டு நோயை விரட்டும் நம் நாட்டுக் காட்சிகளை எண்ணுவார்க்கு இக்கருத்தின் புதுமை எளிதில் விளங்கும்.

இங்கே ஒரு களங்கத்தையும் மறையாது கூறுதல் கடமை. உயிரணுக்கள் பிளவுற்றே பெருகுகின்றன என்பதை ராபர்ட் ரேமாக் என்பவர் 1852-இலேயே எழுதியிருந்தார். அவர் யூதர், அக்காரணத்தாலேயே முழுப் பேராசிரியர் பதவி அவர்க்கு இறுதிவரை எட்டவில்லை. விர்ச்சோ தம் கட்டுரையில் ரேமாக்குக்குரிய பங்கைத் தக்கவாறு குறிப்பிடவில்லை. ரேமாக் அதற்கு வருந்தினார். யூதரின் உரிமைக்காகச் சட்டசபையிற் பிற்காலத்தில் முழங்கிய நாவே, இவ்விடத்தில் ஒரு யூத அறிஞரின் பெயரைச் சொல்லாது விட்டது. மனிதரிடத்து இம்முரண்பாடுகள் உண்டு.

1859-இல் விர்ச்சோ பெர்லின் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அந்நகரின் அன்றைய நிலை நம்மூர்ப் பழைய தெருக்களை ஒத்தது. வீட்டுக் கழிவெல்லாம் தெருவோரத் திறந்த வாய்க்கால்களில் தேங்கி, மெல்ல மெல்ல ஸ்ப்ரே ஆற்றை அடைந்தது. வேனிலில் நாற்றம் தாங்கவொண்ணாது. குளிரில் வாய்க்கால் உறைந்து தெருவெங்கும் பரவியது. தொழிற்சாலைகள் பெருகப் பெருக மக்கள் வந்து குவிந்தனர். 1871-இல் 8 இலட்சத்தைக் கடந்த மக்கட்டொகை 1900-இல் 19 இலட்சத்தை நெருங்கியது.

என் செய்வது என்பதிற் கருத்தொருமை இல்லை. கழிவை வண்டியில் அள்ளிச் செல்வதே போதும் என்றனர் வீட்டுச் சொந்தக்காரர் பலர். புதிய குழாய்க்குப் பணம் கொடுக்க வேண்டியவர் அவர்களே. வீபே என்னும் பொறியியலார் 1861-இல் வகுத்த திட்டமோ, எல்லாவற்றையும் குழாய் வழியே நகருக்குக் கீழ்ப்புறத்தில் ஆற்றிலே கொட்டிவிடுவது. விர்ச்சோ இருசாராரையும் உடனே மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. ஆராய்ச்சிச்சாலையிற் செய்வதைப் போலவே இங்கும் செய்தார். எவ்வீதியில் எத்தனைபேர் எந்நோயால் இறந்தனர் என்னும் கணக்கைத் திரட்டச் செய்தார். கழிவுநீரை நிலத்திற் பாய்ச்சினால் மண் அதனைத் தூய்மையாக்குமா என்பதைச் சிறு வயலில் சோதிக்கச் செய்தார். குழுவின் சார்பாக 1872-இல் அவர் எழுதிய பொது அறிக்கை, பொறியியலார் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் வகுத்த திட்டத்தை ஆதரித்தது. நகரை 12 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கழிவுநீரைத் தாழ்ந்த இடத்திற் சேர்த்து, நீராவிப் பொறியால் மேலேற்றி, நகருக்கு வெளியே உள்ள வயல்களிற் பாய்ச்சுவது அத்திட்டம். 1873-இல் வேலை தொடங்கியது. ஓஸ்டார்ப் முதலிய இடங்களில் நகரசபை நிலங்களை விலைக்கு வாங்கிற்று. நாறும் நீரிற் புல்லும் காய்கறியும் விளைந்தன.

1892-இல் ஹாம்பர்க் நகரில் எல்பே ஆற்று நீரை வடிகட்டாது பருகியவர்களுட் காலரா புகுந்து ஏறக்குறைய 8,600 பேரைக் கொன்றது. அவ்வாண்டு பெர்லினிலோ அந்நோய் சிலரோடு நின்றது. இதற்குக் குடிநீரை வடிகட்டும் நிலையங்களும் காரணமாதலின், முழுப்புகழையும் விர்ச்சோவுக்கே சூட்டுதல் முறையன்று. ஆயினும் இருபது ஆண்டு குழுக் கூட்டங்களில் அமர்ந்து, குழாயின் விட்டத்தையும் செங்கலின் விலையையும் பற்றிச் சலியாது கேட்டிருந்த ஒரு பேராசிரியரை வேறெங்கும் காண்டல் அரிது.

பன்றியிறைச்சியில் வாழும் திரிக்கினா என்னும் நுண்புழு மனிதருடலுட் சென்று கொல்வதை அவரும் லாய்க்கார்ட், ட்சென்க்கர் என்னும் இருவரும் தெளிவாக்கினர். இறைச்சி முழுவதையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்தபின்னரே விற்கவேண்டும் என்று விர்ச்சோ வற்புறுத்தினார். கசாப்புக்காரர் எதிர்த்தனர்; பெர்லினில் நகரசபையின் பொதுக் கொல்களம் 1881-இல் திறக்கப்பட்டது. பெரியம்மை பரவியபொழுது 1872-இல் மோவாபிட்டில் எழுப்பிய கொட்டகைகளும், 1874-இல் ப்ரீட்ரிக்ஸ்ஹைனில் திறந்த நகர வைத்தியசாலையும் அவர் முயற்சியோடு தொடர்புடையன.

அவர் சட்டசபையிலும் இருந்தார். 1861-இல் முன்னேற்றக் கட்சியை நிறுவினவருள் ஒருவர். மக்கள் இசைவின்றிப் படைக்குப் பணம் செலவிட்ட பிஸ்மார்க்கை அவர் இடைவிடாது எதிர்த்தார். 1865-இல் ஓர் அறிக்கையைப் பற்றி முதன்மந்திரி கூறியது மெய்யா என்று ஐயுற்றுப் பேசவே, பிஸ்மார்க் அவரைத் துப்பாக்கிப் போருக்கு அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார். ஆயுதமாகப் புழு நிறைந்த பன்றியிறைச்சியை அவர் தேர்ந்துகொண்டார் என்னும் வேடிக்கைக் கதையைப் பலரும் எழுதுவர். அதற்குச் சான்று இல்லை. சான்றில்லாததை விர்ச்சோவைப் பற்றிய கட்டுரையில் உண்மையெனச் சேர்ப்பது அவர்க்குச் செய்யும் அவமதிப்பாகும்.

ஏனெனில் மெய்ப்பித்ததும் கருதியதும் வேறு வேறு என்பதே அவர் வாழ்நாள் முழுதும் பிடித்த பிடி. 1877-இல் மியூனிக் நகரிற் கூடிய அறிஞர் மாநாட்டில், தம் பழைய மாணவர் ஹெக்கெல் பரிணாமக் கொள்கையைப் பள்ளிகளிற் புகட்டவேண்டும் என்றதை மறுத்து, ஆராய்வதற்கு எல்லையில்லை, ஆயின் நிறுவப்பட்டதையே உண்மையெனக் கற்பிக்கலாம் என்று வாதித்தார். இவ்வேறுபாடு பொன்னே போற்றத்தக்கது. ஆனால் பரிணாமத்துக்குச் சான்று மேன்மேலும் திரண்டபொழுதும் அவர் அசையவில்லை. நியாண்டர்தால் பள்ளத்தாக்கிற் கிடைத்த பழமனிதனின் எலும்பை நோயால் உருக்கெட்டது என்று 1872-இல் அவர் தீர்ப்புக் கூறியது தவறாயிற்று. பிரசவ வார்டில் வைத்தியர் கைகழுவ வேண்டுமென்ற செம்மல்வைஸையும் அவர் ஐயுற்றார். காசநோய்க் கிருமியை 1882-இல் காட்டிய ராபர்ட் காக்கையும் நெடுநாள் ஐயுற்றார். ஐயம் அறிவுக்கு வாயில் என்பர். அதே வாயிலை அடைத்து நிற்பதும் உண்டு.

எனினும் அவ்வையமே உயிர்களைக் காத்த சந்தர்ப்பமும் வந்தது. 1890 ஆகஸ்டு மாதத்தில் பெர்லினில், விர்ச்சோவின் தலைமையில், பத்தாவது அனைத்துலக மருத்துவ மாநாடு கூடியது. அங்கே காக், காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டதாக அறிவித்தார். உலகமே களிவெறி கொண்டது. நோயாளிகள் பல நாடுகளினின்றும் பெர்லினுக்கு விரைந்தனர். மருந்து இன்னதால் ஆயது என்பதைக் காக் முதலில் வெளியிடவில்லை. விர்ச்சோ கைதட்டவுமில்லை, கூச்சலிடவுமில்லை, பிணவறைக்குச் சென்றார். அம்மருந்தை ஏற்றபின் இறந்தோர் பலருடைய உடல்களை அறுத்து நோக்கினார். கிருமிகள் சாகவில்லை; நோய் புதிய இடங்களுக்குப் பரவியிருந்தது. 1891-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மருத்துவர் சங்கத்தின் முன் அவற்றை எடுத்துரைத்தார். மன்னரும் மந்திரிகளும் நாட்டின் பெருமையாகக் கொண்டாடிய மருந்தின் புகழ் அதன்பின் சரிந்தது. பொறாமையாற் செய்தார் என்று சிலர் தூற்றினர். உடல்களோ பொறாமை அறியா.

அரச குடும்பத்தாரிடத்தும் இதே நேர்மையைக் காட்டினார். பட்டத்திளவரசர் ப்ரீட்ரிக்கின் தொண்டையினின்று 1887-இல் எடுத்த துணுக்கில் புற்றுநோய் காணப்படவில்லை என்றார். ஆனால் இத்துணுக்கைக் கொண்டு நோய் முழுவதையும் உறுதியாக மதிப்பிட இயலாது என்றும் எழுதிவைத்தார். முற்பகுதியைப் பற்றிக்கொண்டவர் பிற்பகுதியைப் படிக்கவில்லை. ப்ரீட்ரிக் 99 நாள் பேரரசராயிருந்து 1888 ஜூன் 15-ஆம் நாள் புற்றுநோயால் மாண்டார்.

பிரஷ்யர் தூய ஜெர்மானியர் அல்லர் என்று பிரெஞ்சு அறிஞர் ஒருவர் எழுதியதன்பின், விர்ச்சோ 67 இலட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிச் சிறுவர் சிறுமியரின் கண், மயிர், தோல் நிறங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். பொன்மயிரும் நீலக்கண்ணும் வெண்டோலும் உடையவர் மூன்றிலொரு பங்கினும் குறைவு எனவும், யூதச் சிறுவருள்ளும் 100-க்கு 11 பேர் அத்தகையர் எனவும் 1886-இல் வெளியாயிற்று. தூய இனம் என்பது கட்டுக்கதை என்று கணக்கே காட்டிவிட்டது. அந்நாடு பின்னர் அக்கணக்கை மறந்ததனால் விளைந்ததை நாம் அறிவோம். ஆனால் அவரே தொலைநாட்டு மக்களின் மண்டையோடுகளை, உரியவர் இசைவு கேளாதே ஆயிரக்கணக்கிற் சேர்த்தார் என்பதையும் இன்று நாம் சேர்த்தே எண்ணவேண்டும்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1899-இல் பிணிக்கூற்றுக் காட்சிச்சாலையைத் திறந்தார். 80-ஆம் பிறந்தநாளை 1901-இல் பல நாட்டு அறிஞரும் கூடிக் கொண்டாடினர். 1902 ஜனவரி 4-ஆம் நாள் லைப்சிகர் வீதியில், டிராம் வண்டி நிற்குமுன் இறங்க முயன்று வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தது. செப்டம்பர் 5-ஆம் நாள் உயிர் நீத்தார். அதுவரையில் அவர் நகரசபை அங்கத்தினர். நகரத்தார் செலவிலேயே இறுதிச் சடங்கு நடந்தது. அவர் பெயரால் நகரசபை கட்டிய புதிய வைத்தியசாலை 1906-இல் திறக்கப்பட்டது. 25 வயதில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி வெளியீடு, அவர் பெயரையே தாங்கி இன்றும் வெளிவருகின்றது.